எடுத்துப் போன தட்டு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்னமும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நின்றுபோகிறது. அதனால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். தறி ஓடும்போது பக்கத்து ஆளிடம் பேசக்கூட காதருகே போய்க் கத்த வேண்டும். எனக்கு அது வசதி. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாள் போய்விடும். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போனாலும் கூப்பிட மாட்டேன். வெறும் சோற்றை அளைந்துகொண்டு ரசம் வரும் வரை இருப்பேன். அரைப் பசியோடு எழுந்து வந்த பந்திகள் நிறைய.

என் மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். அங்கே பழகிய ஒரு பையனை விரும்பினாள். அவனுக்கு இப்போது ஜெர்மனியில் வேலை. அவன் அப்பா அம்மா பாதி வருடம் அவனோடு இருப்பார்கள், பாதி வருடம் திருநெல்வேலியில். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. என் சொந்தத்தில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அந்தப் பேச்சு பையன் வீட்டுக் காதுக்கும் போய்விட்டது. “பொண்ணோட அப்பா தன் வாயால சம்மதம்னு சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு” என்று சொல்லியனுப்பினார்கள். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்கள்.

எனக்கு முழுச் சம்மதம். மகளுக்கும் அது தெரியும். ஆனால் அதை அவர்கள் முன்னால், கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றதும் மகளுக்குப் போன் போட்டேன்.

மகள் போனில் முகம் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

“துணிய மடியில விரிங்கப்பா. கழுத்துல சொருகக் கூடாது. சூப்ப உறியக் கூடாது. முள்கரண்டி இடது கை, கத்தி வலது கை.”

“இடது கையாலயா மக்கா வாயில வைக்கணும்?”

“ஆமாப்பா. அங்கன எல்லாரும் அப்படித்தான்.” பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். “ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. நடுவுல பேசணும்னா ரெண்டையும் தட்டுல தனித்தனியா பிரிச்சு வைங்க. இன்னும் முடியலைன்னு அர்த்தம். முடிஞ்சாத்தான் சேத்து வைக்கணும்.”

கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்து தோசையில் பழகினேன். தோசை தட்டைச் சுற்றி ஓடியது. அறுந்த நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போடுகிற விரல்கள், ஒரு துண்டு தோசையை வாய் வரை கொண்டுவர முடியாமல் தடுமாறின.

என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்தாள். “அத எதுக்கு இந்தப் பாடு படுத்துதிய? அது உங்கள என்ன செஞ்சுது?”

“ஒனக்கும் அங்க இதுதான்ட்டி.”

“எனக்கு அன்னைக்கு விரதம்லா.”

என்ன விரதம் என்று கேட்டேன். போய்ச் சேர்ந்த பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் ‘முழுச் சம்மதம்’ என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் மந்திரம் சொல்வதாக நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்.

ஹோட்டலில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. பையனின் அப்பா, அம்மா, என் மகள், மனைவி, நான். அவர்கள் நல்ல மனிதர்கள், பதவிசாகப் பேசினார்கள். என் மனைவி விரதம் என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றோடு தப்பித்துக்கொண்டாள். சூப்பைச் சத்தமில்லாமல் குடித்து முடித்தேன். மகள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அப்புறம் கோழி வந்தது, குழம்பு மாதிரி ஏதோ ஊற்றி. ஒரு துண்டை வெட்டினேன். வாயில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து பையனின் அம்மா கேட்டார்கள். “அண்ணாச்சி, உங்களுக்கு இதுல முழுச் சம்மதம்தானே?”

வாயில் சாப்பாடு இருக்கும்போது பேசக் கூடாது. அவசரமாக விழுங்கினேன். கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தேன். எப்படி வைத்தேன் என்று பார்க்கவில்லை. பஸ்ஸில் உருப்போட்ட வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனது.

நான் எழுந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் மோருக்காக உட்கார்ந்திருந்தபோது, எடுக்கிறவர் தெரியாமல் அவர் இலையை எடுத்துவிட்டார். பெரியப்பா பேசாமல் எழுந்து கை கழுவிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அந்த இரண்டு வீட்டுக்கும் இன்று வரை பேச்சு இல்லை. சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து இலையை எடுத்தால் ‘போ’ என்று சொன்னதாகத்தான் எங்களுக்கு அர்த்தம். அதை யோசித்து நான் எழவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது.

ஆனால் அவர்கள் பார்த்தது வேறு. சம்மதமா என்று கேட்டார்கள். பெண்ணின் அப்பா பதில் சொல்லாமல் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறார். பையனின் அம்மா முகம் சுருங்கியது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பையனின் அப்பா பின்னாலேயே வந்தார். “புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. பொண்ண இவ்வளவு தூரம் வரவச்சிட்டு...” என்றார். இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பிடிக்கவில்லை என்பதற்குத்தான் தலையாட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போனார். அப்படியே வெளியே போய் ஏதாவது பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று இருந்தது. என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கை போகிறதே என்று குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

எப்படியோ மேசைக்குப் பக்கத்தில் இருந்த தூண் வரை நடந்து வந்தேன். மேசையில் யாரும் சாப்பிடவில்லை. பையனின் அப்பா தன் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்துவிட்டார். அவர் மனைவியும் சேர்த்து வைத்திருந்தார். மகள் தட்டில் மட்டும் இரண்டும் பிரிந்து கிடந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே பிரித்து வைத்திருந்தாள். பணியாள் வந்து பார்த்துவிட்டு அவள் தட்டைத் தொடாமல் போனார்.

நான் போய் உட்கார்ந்தேன். பந்தியில் ஒரு கரண்டி சாம்பார் கேட்காதவன், பையன் வீட்டார் முன்னால் கேட்டேன்.

“எனக்குப் பசிக்கு. நான் இன்னும் முடிக்கல. என் தட்ட எடுத்துட்டுப் போயிட்டாவ.”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“எடுத்ததும் எந்திச்சிட்டேன். சம்மதம் இல்லாம எந்திக்கல. எனக்கு முழுச் சம்மதம்.”

பையனின் அப்பா என் முன்னால் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம், “பந்தியில இலைய எடுத்த மாதிரி ஆயிட்டோ?” என்று கேட்டார். அவரும் எந்த ஜெர்மனியில் இருந்தாலும் இந்தப் பக்கத்து ஆள்தானே. நான் தலையாட்டினேன். இந்தத் தடவை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பணியாளைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்.

“விரதம் முடிஞ்சிட்டு, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க” என்றாள் என் மனைவி. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முள்கரண்டியை எடுத்தாள்.

வருகிற ஆவணியில் கல்யாணம். அன்றைக்கு ஹோட்டலில் இரண்டாவதாக வந்த தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன். ஆனால் முடித்த பிறகும் இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பணியாள் காலித் தட்டை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்க் கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், தறிக்கு லீவு விட்டிருந்தபோது எழுதியது.