முடி உதிர்ந்த அந்துப்பூச்சி

போன வருடம் சம்பா நடவின்போது, பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. அதற்கு முந்தின இரண்டு போகமும் கதிரெல்லாம் வெளுத்துப் பதராகி நின்றதில் எனக்கு விவசாயமே சலித்திருந்தது. இந்தத் தடவையும் போனால் நிலத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போவதென்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம்.

நடவன்று காலையில் நாற்றுக் கட்டுகளை வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் தங்கிப் படிக்க வந்திருந்த விவசாயக் கல்லூரி மாணவி ஒருவர் அந்த வழியாக வந்தார். ஒரு கட்டின் மேல் உட்கார்ந்திருந்த வைக்கோல் நிற அந்துப்பூச்சியை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். வருடா வருடம் பல்பைச் சுற்றும் பூச்சிதான். நான் சட்டை செய்ததே இல்லை. குருத்தைத் துளைத்துக் கதிரை வெளுக்க வைக்கும் புழுவுக்கு இதுதான் தாய், இறகுக்கு ஒன்றாக இருக்கும் கரும்புள்ளி பெண்பூச்சிக்கு அடையாளம் என்றார். பிறகு அதன் வயிற்று நுனியைத் திருப்பினார்.

"இங்க மஞ்சளா பஞ்சு மாதிரி முடி இருக்கணுங்க ஐயா. இதுக்கு இல்ல பாருங்க. முட்டை போட்டுட்டு, தன் முடியை வச்சே மூடிட்டு வந்திருக்கு."

தேடினோம். நாற்றின் இலை நுனிகளில் அங்கங்கே பழுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டையும் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

நடவுக்காரப் பெண்கள் எங்கள் வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு ஓட வேண்டியவர்கள். அவர்களை நிறுத்தி நுனி கிள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவன். வரப்பில் குத்தவைத்து நானே கிள்ள ஆரம்பித்தேன்.

அவர்களைக் கூட்டி வந்த அக்கா பார்த்துவிட்டார். "என்ன தம்பி, நாத்துக்கு முடி வெட்டுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். முட்டை இருந்த இலையை நீட்டி, மாணவி சொன்னதை எப்படியோ திக்கித் திணறிச் சொன்னேன். அக்கா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தன் முடியப் பிடுங்கியா மூடிருக்கு? பெத்தவதானே" என்றார். பிறகு நறுக்கென்று கிள்ளி உரச்சாக்கில் போட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வாங்கடி, கிள்ளிட்டு நடுவோம்."

அன்று நடவு முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த வயல்காரர் அவர்களைத்தான் ஏசினார். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

அறுப்பில் அங்கங்கே வெள்ளைக் கதிர் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் நெல் மணி பிடித்திருந்தது. திருப்பூர்ப் பேச்சு நின்றது. இப்போதும் பொழுது போய் உடம்பு வலியோடு வாசலில் உட்காரும்போது அந்தப் பூச்சி பல்புக்கு வந்தால், அதன் வயிற்று நுனியைத்தான் முதலில் பார்க்கிறேன். முடி உதிர்ந்திருந்தால், அதுவும் என்னைப் போலப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்டுக் களைத்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். விடிந்தால் நான் தேடிப் போக வேண்டியது அதன் முட்டையைத்தான்.