லூர்து சொன்ன நான்காவது ஜோக்

"லூர்து போயிட்டாரு மேடம்" என்று ஷிப்ட் சூப்பர்வைசர் ஆய்வுக்கூடத்தின் கதவருகே நின்று சொன்னபோது, "எங்க, கே.எல்.லுக்கா?" என்று கேட்டேன். படப்பிடிப்புக்காக அவர் அடிக்கடி கோலாலம்பூர் போகிறவர். சூப்பர்வைசர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். புரிந்த பிறகும், யாரோ கிளப்பிவிட்ட புரளி என்று நினைத்துத்தான் லூர்துவின் மனைவி ஸ்டெல்லாவை அழைத்தேன். போனை எடுத்தவர் வேறு யாரோ. பின்னால் அழுகை கேட்டது.

குருண் லூர்து என்ற பெயரை மேடையிலும் திரையிலும் அறிந்தவர்கள் பலர். குருண் ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவர் மெஷின் டெக்னீஷியனாக இருந்தது பலருக்குத் தெரியாது. நான் அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

ஒருமுறை தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் அறிவிப்பாளர் வரத் தாமதமாக, இவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். "எங்கப்பா ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனாரு. நான் அந்தப் பால்ல கையுறை செய்றேன். எம்மவன் டாக்டராகி அதை மாட்டுவான்னு பார்த்தா, மாட்டிக்கிட்டு பசார்ல கோழி வெட்டுறான்" என்றார். மண்டபமே அதிர்ந்தது. நான் சிரிக்கவில்லை. மறுநாள் கேண்டீனில் என்னைத் தேடி வந்து காரணம் கேட்டார். உங்கள் மகனுக்கு எட்டு வயதுதானே என்றேன்.

"ஜோக்குக்கெல்லாம் ஐ.சி. கார்டு கேக்காதீங்க லா, அக்கா" என்றார்.

அதன்பின் புதிய ஜோக் எதுவானாலும் முதலில் என்னிடம்தான் வரும். "பாஸா, ரிஜெக்டாக்கா?" என்பார். ரிஜெக்ட் என்றால் லேசில் விடமாட்டார். அரை மணி நேரமாவது வாதாடுவார். சுங்கைப் பட்டாணி மண்டபங்களில் டிக்கெட் விற்று நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்து, வேலையை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

அப்படி ஒரு நிகழ்ச்சியில்தான் ஓர் இயக்குநர் அவரைப் பார்த்தார். முதல் இரண்டு படங்களிலும் அடி வாங்கும் காவலாளி வேடம். மூன்றாவதில், கோலா கெடா படகுத்துறையில் மகளுக்காகக் காத்திருக்கும் அப்பா. வசனமே இல்லாமல், படகிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுகொண்டிருப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நான் "பாஸ்" என்று ஒரு சொல் மட்டும் அனுப்பினேன். அதை ஃபிரேம் போட்டு மாட்டப்போவதாகப் பதில் வந்தது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அழைத்தார். புதிய நிகழ்ச்சிக்கு நான்கு ஜோக்குகள் வைத்திருந்தார். மூன்றுக்குப் பாஸ் சொன்னேன். நான்காவது இது: "கொஞ்ச நாளா என் இடது கை டாக்டர் எம்.சி. இல்லாமலே லீவு போடுதுக்கா. பாவம், வலது கைதான் ஓ.டி. பாக்குது."

"சிரிப்பு வரல. ரிஜெக்ட்" என்றேன்.

"சரிக்கா" என்றார். வாதாடவில்லை.

பதினோரு நாள் கழித்து, காலையில் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. வயது நாற்பத்து மூன்று.

அவர் வீட்டில், சவப்பெட்டியின் அருகே ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலக்கா. உங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன்.

அது பொய். இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது நான் ஒப்புக்கொண்டதே அதைத் திருத்தத்தான். ஸ்டெல்லா, அவர் சொன்னார். என்னிடம் சொன்னார். கையுறையின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஒரு துளி கசிந்தால்தான் தெரியும். இருபது வருடமாக அந்தத் துளியைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று கசிந்தது. நான் கவனிக்கவில்லை.

பெட்டிக்குள் அவருடைய இடது கையை வலது கையின் மேல் வைத்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். மூடும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூர்து, அதில் சிரிப்பு இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்று உங்களைக் கேட்கவில்லை. போய் வாருங்கள்.