தூக்குவாளியில் நீந்திய கெண்டைக் குஞ்சுகள்

உயிருள்ள கெண்டைக் குஞ்சு ஒன்றை ஈரக் கைக்குள் மூடிக்கொண்டால், உள்ளங்கையில் மெல்லிய துடிப்பொன்று விட்டுவிட்டு எழும்; ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் என் வலக்கை அதை மறக்கவில்லை.

பேகம்பூரில் எங்கள் அத்தா கறிக்கடை வைத்திருந்தார். விடுமுறை நாள்களில் நானும் என் தம்பி சலீமும் ஒரே சைக்கிளில் சாணார்பட்டிப் பக்கத்துக் கண்மாய்க்கு மீன் பிடிக்கப் போவோம். நான் முள்ளில் மண்புழுவைக் கோப்பேன். விரலளவு கெளுத்திகள் சிக்கும். சலீமோ, தூக்குவாளியில் நீந்தும் கெண்டைக் குஞ்சு ஒன்றை எடுத்து, அது சாகாமல் நீந்திக்கொண்டே இருக்கும்படி முதுகுத் துடுப்பின் கீழ் முள்ளை ஏற்றி, அல்லியிலைகளுக்கு இடையே விடுவான். சற்று நேரம் கழித்து முழங்கை நீள விரால் ஒன்று கரையில் கிடந்து புரளும். பெரிய மீனைப் பிடித்து வந்தவனுக்குத் தலை, மற்றவனுக்கு வால் என்பது அம்மாவின் வழக்கம். "சின்னவன் கையில அம்புட்டு ராசி" என்று அத்தா சொல்லும்போதெல்லாம், என் தட்டிலிருந்த வால் துண்டு தொண்டையில் இறங்காது.

கத்தி தீட்டுவதை ஆடு பார்த்துவிடக் கூடாதென்று, முதுகைத் திருப்பிக்கொண்டு தீட்டுபவர் அத்தா. ஒரு வெள்ளிக்கிழமைப் பகலுணவின்போது, நெடுநாள் யோசித்து வைத்திருந்து, அந்த ஒழுங்கையே ஆயுதமாக எடுத்து சலீமின் மீது வீசினேன்.

"ஆட்டுக்கு நீங்க கத்தியக்கூடக் காட்ட மாட்டீங்க, அத்தா. இவன் மீன உசுரோட முள்ளுல குத்தி நீந்த விடுறான்."

சோற்றில் அத்தாவின் கை நின்றது. "நெசமாவா, சின்னவனே?"

"ஆமாத்தா. ஏன், அண்ணே கோக்குற புழு மட்டும் செத்துப்போயா வருது?"

அத்தா சிரித்துவிட்டார். "அதுவும் சரிதேன். ரெண்டு பேருமே யோசிங்கடா."

நான் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். மறுநாள் காலை, கண்மாய்க் கரையில் சலீம் தூக்குவாளியைத் தண்ணீருக்குள் சாய்த்தான். "நீ சொன்னது சரிதாண்ணே. அது துடிக்கிறது எனக்கும் கையில தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. இனி எனக்கு வேணாம்" என்று தன் தூண்டிற் கம்பையும் என்னிடம் நீட்டினான். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தா அதைச் சொல்லி மகிழ்ந்தார்: "சொன்னதுமே விட்டுட்டானே, எம் பிள்ளை!" சொன்னவன் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தனியே போனேன். அவனுடைய கம்பில், அவன் கோத்தபடியே, ஒரு குஞ்சை உயிரோடு கோத்தேன். விரால் சிக்கியது, அவன் பிடித்த எதையும்விடப் பெரியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் எதைப் போட்டுப் பிடித்தாய் என்று கேட்பார்கள். தண்ணீரில் திரும்ப விட்டிருக்கலாம், விடவில்லை. அது துடித்து ஓயும்வரை பார்த்திருந்துவிட்டு, கருவேலம் புதருக்குள் எறிந்து வந்தேன்.

சென்ற மாதம் சலீமை அடக்கம் செய்தோம். வந்தவர்கள் அனைவரும் அவனது இளகிய மனத்தையே பேசினார்கள். அந்தப் பழைய வால் துண்டு இன்னும் இறங்காமல் நிற்பதை அப்போது உணர்ந்தேன். அவன் மகள் என்னருகில் வந்து, "அத்தா எப்பவும் சொல்லுவாக பெரியத்தா, இந்தக் கொணம் எங்க அண்ணே குடுத்ததுன்னு" என்றாள். நான் தலையசைத்தேன். விராலைப் பற்றி அவனிடம் சொல்ல எனக்கு ஓர் ஆயுட்காலமே இருந்தது.

இன்று அக்கண்மாயில் அல்லி இல்லை. நகரத்துக் கடைகளில், விரால் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் ரப்பர்த் தவளைகள் தொங்குகின்றன. எதையும் உயிரோடு கோக்கத் தேவையில்லை. நேற்று அவற்றில் ஒன்றை வாங்கி, கையை நனைத்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.