லாட்ஜுக்குக் கமிஷன், எனக்குப் பிரியாணி

லேப் டெக்னீஷியனைத் தேடி வருகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். மாசக் கடைசியில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஊசியும் கையுமாக நிற்கிற என் சக டெக்னீஷியன்களே, இந்தச் சம்பளத்தில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று உங்களையும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். வேலூரில், வெளிமாநில நோயாளிகள் வந்து குவிகிற ஆஸ்பத்திரித் தெருக்களில் ஒன்றில், ஒரு தனியார் லேப்பில் நானும் பல வருஷம் ஓட்டினேன். போன வருஷம் ஓட்ட முடியாமல் நின்றுபோனது. அப்போது நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நாள் வாடகை

எங்கள் பக்கம் வாடகையை ஏற்றுவது, மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிற நோயாளிகள்தான். அவர்கள் பாவம், அது அவர்களுக்கே தெரியாது. ஒரு ரூமும் கேஸ் அடுப்பும் இருந்தால் போதும், நாளுக்கு நானூறு கொடுத்துத் தங்குவார்கள். எதிர்வீட்டுக்காரர் அப்படி விட்டுச் சம்பாதிப்பதை எங்கள் ஹவுஸ் ஓனர் கன்னியப்பன் அண்ணன் ரொம்ப நாளாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நாலாயிரமாக இருந்த வாடகை இனிமேல் ஏழாயிரம், இல்லையென்றால் மாசக் கடைசியில் காலி பண்ணிவிடு என்றார்.

என் சம்பளம் அப்போது பதினோராயிரம். என் புருஷனுக்குத் தோல் பேக்டரியில் வேலை. ஆர்டர் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் வீட்டில் உட்காருவார். பாலாற்றைத் தாண்டி ரொம்ப தூரம் போனால் வாடகை கம்மிதான். ஆனால் விடிகாலையில் லேப்பைத் திறக்கிறவள் நான். அந்த நேரத்துக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. வீடு போனால் வேலையும் போய்விடும். இதையெல்லாம் அண்ணனிடம் தொண்டை வறளக் கத்திச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ ஊசி குத்துற ஜனங்கதாம்மா ஒரு நாளைக்கு நானூறு தர்றாங்க. கோச்சிக்கணும்னா அவங்ககிட்ட கோச்சிக்க."

அண்டா வந்து இறங்கியது

எங்கள் முதலாளியை எல்லாரும் சார் என்போம். வேலூர், காட்பாடி, ஆம்பூர் என்று மூணு லேப் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு பழக்கம். சம்பளப் பேச்சு கிளம்புகிற வாரத்தில் ஆம்பூரிலிருந்து ஒரு அண்டா பிரியாணி வந்து இறங்கும். கூடவே கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். வாயில் கறித்துண்டை வைத்துக்கொண்டு யாரால் சம்பளம் கேட்க முடியும்? கை கழுவிவிட்டு வரும்போது கோபமும் கழுவப்பட்டிருக்கும். நானும் வருஷா வருஷம் ஏமாந்தவள்தான்.

இந்தத் தடவை இலையைத் தொடாமல் நேராக அவர் ரூமுக்குப் போனேன். வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் விஷயத்தைச் சொன்னார்: கெமிக்கல் விலை ஏறிவிட்டது, புது மிஷினுக்கு லோன், ஆம்பூர் லேப் நஷ்டம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அவருக்குக் கடன் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "பசியில பேசினா கோவம் ஜாஸ்தி வரும்மா. போய் ரெண்டு கரண்டி போட்டுக்கினு வா."

தக்காளியில் காட்டிய கோபம்

அந்தக் கோபத்தோடு லாங் பஜாருக்குப் போனது என் தப்பு. ரஹீம் பாய் கடையில் தக்காளி விலையைக் கேட்டதும், மனுஷன் தின்கிற பொருளா, நகைக்கடையில் எடை போடுகிற பொருளா என்று ஆரம்பித்துவிட்டேன். நான் பேரம் பேசினால் பாய் வழக்கமாக இறங்கி வருவார். அன்றைக்கு இறங்கவில்லை. அவருக்குச் சர்க்கரை, மாசாமாசம் என்னிடம்தான் டெஸ்டுக்கு வருவார். தராசைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நீ மாசாமாசம் என் ரத்தத்த எடுக்கிறியே, நான் என்னைக்காச்சும் ரெண்டு சொட்டு கம்மி பண்ணிக்கன்னு கேட்டிருக்கேனா?"

நூல் வெட்டுகிறவளின் அழைப்பு

அடுத்த வாரம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனை. என்னை அனுப்பினார்கள். வரிசையில் வந்த கஸ்தூரி என்கிற பெண், ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பேச்சுக் கொடுத்தாள். ஷூ தைத்து முடிந்ததும் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுவது அவள் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிடித்தம் போகக் கைக்குப் பன்னிரண்டாயிரம் வருகிறதாம். கம்பெனி பஸ், கேன்டீன், இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் உண்டு.

என் சம்பளத்தைக் கேட்டாள். மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன். பிடித்தம் போகவா என்று கேட்டாள். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் கிடையாது என்றேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஊசி குத்தினது எனக்குத்தான் என்பதுபோல் இரக்கப்பட்டுச் சொன்னாள்: "இவ்ளோ படிச்சிட்டு ஏன்க்கா பேஜார் பட்டுக்கினு இருக்க? எங்க லைன்ல ஆள் எடுக்கிறாங்க, சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டா?"

யார் அனுப்பினது?

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய் திறக்காத வழக்கம் ஒன்று உண்டு. லாட்ஜ் மேனேஜர் தன்னிடம் தங்கியிருக்கிற நோயாளியை ஒரு லேப்புக்கு அனுப்பினால் பில்லில் கால் பங்கு அவருக்குக் கமிஷன். அந்த மாசம் பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு பெங்காலிப் பெரியவர் வந்தார். ஊரெல்லாம் ஊசி போட்டு நரம்பு எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்ட கை. புறங்கையில் தடவித் தேடி ஒரே குத்தில் எடுத்தேன். அவர் மகள் அதை லாட்ஜ் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து 'தீதி', அதாவது அக்கா, இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள்.

சனிக்கிழமை கமிஷன் வாங்க லாட்ஜ் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். என்னைத் தேடி வந்தவர்களுக்கும் சேர்த்து சார் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உள்ளே போய்ச் சொன்னேன்: "சார், சம்பளமே ஏத்த வேணாம். இவருக்குக் குடுக்கிற கமிஷன எனக்குக் குடுங்க." அவர்கள் லாட்ஜ் சொல்லித்தான் வருகிறார்கள் என்று சார் சமாளித்தார். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களை நீங்களே கேளுங்கள் என்றேன். ஹாலுக்கு வந்து தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டார். முதல் அம்மா என்னைக் காட்டினாள். அடுத்தவரும் காட்டினார். அதற்கடுத்தவர் சட்டையை மடித்துவிட்டு என் முன்னால் கையை நீட்டினார். மேனேஜர் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார்.

சார் ரூமுக்குள் வா என்றார். இங்கேயே பேசலாம் என்றேன். சம்பளத்தை நான் இருபதாயிரத்தில் ஆரம்பித்தேன், அவர் பன்னிரண்டரையில் ஆரம்பித்தார். நான் கமிஷன் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரு படி ஏறினார். டியூபைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த மற்ற ரெண்டு டெக்னீஷியன்களுக்கும் ஏற்றாமல் நான் ஊசியைத் தொட மாட்டேன் என்றேன். ஹாலில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்தது. கடைசியில் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்: "சரி, உனக்குப் பதினேழு. அவங்களுக்கும் ஏத்தித் தர்றேன். இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் போட்டுடறேன். கொஞ்சம் மெதுவா பேசும்மா, பேஷண்ட்டுக்கு பிபி ஏறுது."

மாசக் கடைசி

கன்னியப்பன் அண்ணன் சொன்ன நாளில் வந்தார். ஏழாயிரம் கொடுக்க இப்போது என்னால் முடியும். ஆனால் கேட்ட விலையைக் கொடுத்துப் பழக்கம் இல்லையே. எதிர்வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தேன். துர்கா பூஜை சமயத்தில் வெளியூர் ஜனங்கள் ஊருக்குப் போய்விட்டால் அவர் ரூம்கள் காலி. மற்ற நாளில் தண்ணி லாரிக்கும் கரண்ட்டுக்கும் கொடுத்து மாளவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிட வேண்டியதும் அவர்தான். இதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அண்ணன் முகம் இறங்கியது. அவரும் விசாரித்திருக்கிறார் என்று புரிந்தது. ஐயாயிரம், ஒண்ணாம் தேதி காலையில் கையில், ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமென்ட் என்றேன்.

அண்ணன் சொன்னார்: "தெருவே உன் சம்பளம் ஏறிடுச்சின்னு பேசுது, எனக்கு ஆயிரம்தான் ஏத்துற. சரி, இரு. ரெண்டு வருஷம் கழிச்சு நான்தான் உனக்கு வாடகை தரணும்ப போல."

ஆக மொத்தம், ரெண்டு வருஷம் படித்ததற்குப் பதினோராயிரமும் அரை மணி நேரம் கத்தியதற்கு ஆறாயிரமும் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை எதில் சேர்ப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.