என் போர் வண்டிச் சத்தத்தில் மகள் போட்ட பாட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கிணறு வெட்டும் கூலியாகத் தொடங்கி, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வாங்கினேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், இன்னொரு வண்டி வாங்கினேன். கீரனூரில் மாடி வீடு கட்டினேன். அரிமளம் பக்கம் மற்ற வண்டிக்காரர்கள் வெறும் பாறை என்று கைவிட்ட இடத்தில் தண்ணீர் எடுத்தேன். எல்லாவற்றிலும் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். என் மகள் போட்ட பாட்டில் மட்டும் இல்லை.

மகள் சென்னையில் ராக் இசைக்குழு வைத்திருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள், நான் போர் போடும் இடத்துக்கு வந்து செல்போனில் சத்தத்தைப் பதிந்துகொண்டு போனாள். அதுதான் பாட்டாகிவிட்டது. அடுத்த முறை வந்தபோது காரில் போட்டுக் காட்டினாள்.

முதலில் கம்ப்ரஸர் உறுமல். அதன்மேல் கிடாரும் அதேபோல் உறுமியது. பிறகு டிரம். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை ஏழில் நிற்கிறது, மறுமுறை ஐந்தில் நிற்கிறது. கை வலித்ததுதான் மிச்சம்.

“ஆத்தா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“பாதி முடிஞ்சிருச்சுப்பா.”

“பல்லவி?”

“அதெல்லாம் இல்லப்பா.”

பின் சீட்டிலிருந்த என் மனைவி, “நான் காருலதான் பெல்ட்டு அந்துபோச்சுன்னு நெனச்சேன்” என்றாள்.

திடீரென்று எல்லாம் நின்றது. காற்று சீறுவது மட்டும் கேட்டது. அதற்குள் ஒரு அதட்டல்: “ராடு மாத்துங்கடா! இங்கிட்டு நில்லு!” என் குரல்! உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுபடி கிடார் வந்தபோது முன்னைவிடக் கனமாக, அடியிலிருந்து வந்தது. போரிலும் அப்படித்தான். துளைபோடும் ராடு ஒன்று இறங்கியதும் வண்டியை நிறுத்தி அடுத்ததை மாட்டுவோம்; ராடு இறங்க இறங்கச் சத்தம் உள்ளே போகும். அந்த வரிசையில்தான் பாட்டை அடுக்கியிருக்கிறாள் என்பது வரை எனக்குப் பிடிபட்டது. ஆனால் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டு படக்கென்று அறுந்துவிட்டது.

“தண்ணி வந்துச்சா, இல்லையா?”

“அது தெரியக்கூடாதுப்பா. அதான் பாட்டு.”

எனக்கு விளங்கவில்லை. அந்தப் போரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, நானே நனைந்தேன். வந்த தண்ணீரை எதற்கு மறைக்க வேண்டும்? வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டேன். குழப்பம்தான் கூடியது.

செல்போனில் பாட்டுக்குக் கீழே இருந்த பெயர்களை மகளைப் படிக்கச் சொன்னேன். கிடாருக்கு ஒருவர், டிரம்முக்கு ஒருவர், இசை என்று மகள் பெயர்.

“என் பேரு எங்க?”

“நீங்க சும்மா கத்துனதுதானேப்பா?”

“நான் கத்தலேன்னா ஒன் பாட்டு அங்க நின்னுருக்குமா?”

சிரித்தாள்.

பாட்டின் அர்த்தம் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. போகட்டும். ஆனால் அது எங்கே நிற்க வேண்டும், எங்கே கிளம்ப வேண்டும் என்று சொன்னவன் நான். ஆகவே மகளே, ‘இசை’ என்ற இடத்தில் அப்பா பெயரையும் போடு. உன் பெயருக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில் போடு.