ஸ்ரீதரன் பிரபுவான சனிக்கிழமை

பிரெஞ்சு பேசும் வில்லரேயில் பதினேழு வருடமாகக் குடியிருக்கும் ஸ்ரீதரனுக்கு ஓர் உணவகச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை வேலையை அவர் ஒருநாளும் விட்டதில்லை. பொறாமைக்காரர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. மச்சான் புறநகரான கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கியபோதுகூட முகம் கோணாமல் பால் காய்ச்சப் போனவர். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் அல்பேட் என்ற ஒருவன் படாத பாடு படுத்தினான்.

அல்பேட் வார நாட்களில் வீடு வீடாகக் குழாய் திருத்துவான். சனிக்கிழமை வந்தால் பூங்காவில் தன்னைப் போன்ற சில வேடக்காரரோடு சேர்ந்து இரும்பு வளையச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐரோப்பாவின் பழைய மன்னர் காலத்துப் பிரபுவாகிவிடுவான். அங்கே வரும் பிள்ளைகளுக்கு மரவாள் வீசவும் கொடி தைக்கவும் பழக்குவான். ஸ்ரீதரனின் பத்து வயது மகள் அனோஜினி மூன்று வருடமாக அங்கே போகிறாள். வாயைத் திறந்தால் அல்பேட்தான். வீட்டில் தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவமாட்டாள், அல்பேட்டின் கேடயத்தை மட்டும் மணல் போட்டுத் தேய்ப்பாள். ஸ்ரீதரனுக்கு வயிறு எரிந்தது.

வருகிற சனிக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு பிரபுவைத் தேர்ந்து, அவர் முன் மண்டியிடப் போகிறார்கள் என்று மனைவி செல்வமலர் சொன்னாள். தலையில் முதலில் கை வைப்பவர்தான் அந்த வருடம் முழுக்கப் பிரபுவாம்.

"பிறந்தநாளுக்கு என்ர காலில விழச் சொன்னா வெக்கமெண்டவள். இப்ப அவன்ர காலில விழப்போறாளோ?"

"அது விளையாட்டப்பா."

"நானும் வாறன்."

வயிற்றுவலி என்று வேலைக்குச் சொல்லிவிட்டார். அது முழுப் பொய்யுமில்லை.

பூங்காவில், படம் எடுக்கிற சாட்டில் ஸ்ரீதரன் அல்பேட்டின் தோளோடு ஒட்டி நின்றுகொண்டார். பச்சை அங்கி போட்ட அனோஜினி வந்து அல்பேட்டின் முன் மண்டியிட்டுத் தலை குனிந்தாள். பிள்ளை குனிந்தால் நம் ஆட்களின் கை தானாக நீண்டுவிடும். அல்பேட்டின் கை வருமுன் ஸ்ரீதரனின் கை அவள் தலையில் இருந்தது.

"நல்லா இரு பிள்ளை."

பிரபு முடிவாகிவிட்டார் என்று மேளம் அடித்துவிட்டார்கள். அல்பேட் சிரித்துக்கொண்டே தன் மேலங்கியைக் கழற்றி ஸ்ரீதரனின் தோளில் போட்டான். ஸ்ரீதரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தார்.

"தெரியாமக் கை வச்சிட்டன், பிள்ளை," என்று மகளிடம் சாக்குச் சொன்னார்.

"இனி மாத்தேலாதப்பா." அனோஜினி எழுந்து மேலங்கியின் கயிற்றை அவர் கழுத்தில் முடிந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பிரபு ஒரு சனியும் வராம விடக்கூடாது. அல்பேட் மூண்டு வருஷத்தில ஒருநாளும் விடேல்லை. நீங்கள் இண்டைக்குத்தான் முதல்முறையா வந்திருக்கிறியள்."

"இனி வாறன்."

"ஒவ்வொரு சனியுமோ?"

"ஓம்," என்றார் ஸ்ரீதரன்.

அனோஜினி தலையாட்டினாள். பிறகு அல்பேட்டிடம் போய், அடுத்த சனிக்கிழமை அப்பா வராவிட்டால் அவர் இடத்தில் நிற்க முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். அவ்வளவு பிரெஞ்சு ஸ்ரீதரனுக்கும் தெரியும்.