பன்னிரண்டு வார்த்தை சொன்ன சைராகுல்

நாரின் நகர ஆம்புலன்ஸ் நிலையத்தில் பதினாறு வருடம் ஃபோன் எடுத்தவள் சைராகுல். வண்டி ஓட்டுகிறவன் நான், தோக்தோ. எங்கள் மலைக் கிராமங்களில் பாதி வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. "பாலம் தாண்டி நீலக் கதவு, நாய் கடிக்கும், பாத்துப் போங்கண்ணே" என்பாள். எல்லாம் அவள் தலைக்குள்தான்.

அவளுடைய அண்ணன் தலாய்க்கு இருமுனை மனநோய். ஒரு மாதம் தூங்காமல் குதிரையில் ஊர் சுற்றுவான்; மறு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பான். இவளுக்கு அந்த நோய் இல்லை. தலைநகரிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா, இப்படிப்பட்டவர்களின் கூடப்பிறந்தவர்களுக்கு ஞாபகசக்தி எப்படி என்று ஆராய்ந்தார். பதினைந்து வார்த்தைகளை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சைராகுல் பன்னிரண்டு சொன்னாள். நன்றாகவே இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார். இந்த வெகுளி அந்தத் தாளைப் பெருமையாகத் தலைமை மருத்துவர் ஜானிஷ்பெக்கிடம் காட்டினாள்.

அந்த மனிதர் தலைப்பை மட்டும் படித்தார்: 'நோய் வர வாய்ப்புள்ளவர்கள்'. மறுநாளே அவளைத் துணி துவைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே அவர் அறைக்குள் போனேன். அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"தோக்தோ, ஏழு தலைமுறை விசாரிச்சுத்தானப்பா பொண்ணு எடுக்கிறோம்? இதுவும் அப்படித்தான்" என்றார் அவர்.

"ஏன் டாக்டர், அவள மருமகளாவா கேட்டாங்க? ஃபோன்தானே எடுக்கிறா!"

அவர் மேசைமேல் கிடந்த அந்தத் தாளை எடுத்தேன்; பின்பக்கம் அந்தப் பதினைந்து வார்த்தைகளும் இருந்தன. உரக்க வாசித்தேன். "இப்ப நீங்க சொல்லுங்க, பாப்போம்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஊசி, ஏரி, தொப்பி... ஒன்பதோடு நின்றுவிட்டார். நெற்றியைத் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை. மிச்சம் ஆறையும் கதவோரம் நின்ற சைராகுல் சொன்னாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதனால என்ன? எங்க வீட்டுல யாருக்கும் அந்தச் சீக்கு இல்லையே!"

சைராகுல் மேசைக்கு அருகில் வந்தாள்.

"எங்கண்ணன ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கு, 'இது சக்கர வியாதி மாதிரிதாம்மா, வெக்கப்பட ஒண்ணுமில்ல'ன்னு எங்கம்மாகிட்ட சொன்னது யாரு டாக்டர்? நீங்கதானே?"

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினார். உத்தரவை மாற்றவில்லை.